ஒரே நிலைப்படம், இரண்டு நடத்தைகள்: வடிவமைப்புப் படங்களுக்கு முறையான பொருள் வரையறுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்புலம்

திரவங்களைத் தொகுதி தொகுதியாகக் கலக்கும் ஒரு தொட்டிக்கான மென்பொருள் இது. தொட்டியை நேரடியாக இயக்குவது ஒரு கட்டுப்படுத்தி. வால்வைத் திறப்பது, கலக்கியைச் சுழற்றுவது, கலவையை வடிப்பது எல்லாம் அதன் வேலை. அதற்கு மேலே ஒரு கண்காணிப்பு மென்பொருள் உண்டு. தொட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று திரையில் காட்டுவதும், அடுத்த தொகுதிக்கு எவ்வளவு திரவம் வேண்டும் என்று கணக்கிடுவதும் அதன் பொறுப்பு. இரண்டையும் எழுதியவை வெவ்வேறு குழுக்கள். இரண்டு குழுக்களுக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு நிலைப்படம்: தொட்டி இருக்கக்கூடிய நிலைகளைப் பெட்டிகளாகவும், ஒரு நிகழ்வு வந்தால் எந்த நிலையிலிருந்து எதற்குப் போவது என்பதை அம்புகளாகவும் காட்டும் வரைபடம். செயல்முறைப் பொறியாளரும் இரு குழுக்களின் தலைவர்களும் அதைப் பார்த்துக் கையொப்பமிட்டு ஏற்றிருந்தார்கள்.

இந்த அமைப்பில் ஒரு தனித்தன்மை இருந்தது. கட்டுப்படுத்தி தன் நிலையை மேலே அனுப்பவில்லை, நிகழ்வுகளை மட்டுமே அனுப்பியது. ‘நிறுத்து பொத்தான் அழுத்தப்பட்டது’, ‘மட்டம் எட்டியது’ போன்ற செய்திகள்தான் இணைப்பில் போயின. கண்காணிப்பு மென்பொருள் அதே நிலைப்படத்தைத் தன்னிடம் தனியாக ஓட்டி, தொட்டி இப்போது எங்கே இருக்கும் என்று தானே முடிவுசெய்தது. இணைப்பில் போகும் தரவைக் குறைக்க எடுத்த முடிவு அது, தன்னளவில் நியாயமானதும்கூட. ஆனால் ஒரே படத்தை இரண்டு இயந்திரங்கள் தனித்தனியே ஓட்டி ஒரே விடைக்கு வர வேண்டுமானால், அந்தப் படத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும். அப்படி ஒரு பொருளை யாரும் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

நான் இதில் வடிவமைப்பைச் சரிபார்க்கும் பொறுப்பில், இரு குழுக்களுக்கும் வெளியே இருந்தேன்.

கவனித்தவை

நிறுவுவதற்கு முந்தைய சோதனையில், வெறும் தண்ணீரை வைத்துத் தொட்டியை இயக்கினார்கள். கலவை வடிந்துகொண்டிருக்கும்போது சோதனையாளர் ‘நிறுத்து’ பொத்தானை அழுத்தினார். கட்டுப்படுத்தி உடனே வடிவால்வை மூடி ‘நின்றது’ நிலைக்குப் போனது. தொட்டியில் பாதித் தண்ணீர் மிச்சம். கண்காணிப்புத் திரையோ ‘வடித்து முடிக்கிறது’ என்று காட்டியது. வடிப்பதற்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததும் தொட்டி காலி என்று கருதி, அடுத்த தொகுதிக்கு முழு அளவு தண்ணீரைக் கேட்டது. நிரப்பும்போது உயர்மட்ட சென்சார் எச்சரித்து வால்வை அடைத்தது. சேதம் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே இருந்தது தண்ணீராக இல்லாமல் முந்தைய கலவையின் மிச்சமாக இருந்திருந்தால், அளவு பிசகிய ஒரு தொகுதி சரியான தொகுதி என்ற பெயரில் வெளியே போயிருக்கும். உயர்மட்ட சென்சார் தொட்டி வழிவதைத் தடுக்கும். கலவையின் விகிதத்தை அதனால் காப்பாற்ற முடியாது.

முதல் நாள் இரண்டு குழுக்களும் ஒருவர் நிரலில் மற்றவர் பிழையைத் தேடின. இரண்டிலும் பிழை இல்லை. இரண்டுமே படத்தில் வரைந்திருந்ததைத்தான் செய்தன.

வேறுபாட்டின் வேர்

படத்தில் ‘இயக்கம்’ என்று ஒரு பெரிய வெளிநிலை. அதற்குள் ‘நிரப்பல்’, ‘கலக்கல்’, ‘வடித்தல்’ என மூன்று முக்கிய உள்நிலைகள். வெளிநிலையின் விளிம்பிலிருந்து ‘நிறுத்து’ என்ற அம்பு ‘நின்றது’ நிலைக்குப் போகிறது. ‘வடித்தல்’ உள்நிலையிலிருந்தும் ‘நிறுத்து’ என்றே ஓர் அம்பு உண்டு. அது ‘வடித்து முடித்தல்’ என்ற இன்னொரு உள்நிலைக்குப் போகிறது. வடித்துக்கொண்டிருக்கும்போது ‘நிறுத்து’ வந்தால் இரண்டு அம்புகளும் தகுதி பெறுகின்றன. எதைப் பின்பற்றுவது?

கட்டுப்படுத்திக் குழு வெளியம்பை எடுத்தது. கண்காணிப்புக் குழு உள்ளம்பை எடுத்தது. இது கவனக்குறைவால் வந்த பிளவு அல்ல, இரண்டுக்கும் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. நிலைக்குள் நிலை வைத்து வரையும் இந்த முறையை டேவிட் ஹாரெல் 1980களின் தொடக்கத்தில், ஒரு போர் விமானத்தின் மின்னணு அமைப்புகளை விவரிப்பதற்காக உருவாக்கினார். 1987இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. படம் பரவிய வேகத்தில் அதன் பொருள் நிலைபெறவில்லை. 1994இல் ஓர் ஒப்பீட்டு ஆய்வு ஏறக்குறைய 20 மாறுபட்ட வடிவங்களை எடுத்து அலசியது. இத்தகைய படங்களை வரைந்து இயக்கும் ஸ்டேட்மேட் கருவிக்காக ஹாரெலும் அவருடைய சக ஆய்வாளரும் 1996இல் வெளியிட்ட பொருள்வரையறையில் வெளியம்புக்கே முன்னுரிமை. மென்பொருள் வடிவமைப்பை வரைவதற்கான பொது வரைமொழியாக 1997இல் தரநிலையாக ஏற்கப்பட்ட யுஎம்எல்லில் உள்ளம்புக்கு முன்னுரிமை. கட்டுப்படுத்திக் குழுவின் தலைவர் முதல் மரபில் பயின்றவர். கண்காணிப்புக் குழுவினர் அனைவரும் யுஎம்எல் வழி வந்தவர்கள். காகிதத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒரே படம்தான்.

தோண்டத் தோண்ட வேறு சில பிளவுகளும் வெளியே வந்தன. தற்போதைய நிலை ஏற்காத நிகழ்வு ஒன்று வந்தால் கண்காணிப்பு மென்பொருள் அதை எறிந்துவிட்டது. கட்டுப்படுத்தி அதை வரிசையில் வைத்திருந்து பிறகு பார்த்தது. ஓர் அம்பின் நிபந்தனையை எந்தக் கணத்தில் சோதிப்பது என்பதிலும் வேறுபாடு இருந்தது. இவை சோதனையில் தலைகாட்டவில்லை. நிகழ்வுகள் இன்னும் நெருக்கமாக வந்திருந்தால் காட்டியிருக்கும்.

பரிசீலித்த வழிகள்

உடனடியாக எழுந்த யோசனை, கட்டுப்படுத்தி தன் நிலையையும் சேர்த்து அனுப்பட்டும் என்பது. அது இந்த ஒரு பிளவை மறைத்திருக்கும். ஆனால் ‘வடித்தலின்போது நிறுத்து வந்தால் என்ன நடக்க வேண்டும்’ என்ற கேள்விக்கு விடை கட்டுப்படுத்தியின் நிரலுக்குள் மட்டுமே இருந்திருக்கும். படத்தில் கையொப்பமிட்ட செயல்முறைப் பொறியாளர் அதைப் படிக்கவே முடியாது. எனவே நிலையை அனுப்பும் வசதியைச் சரிபார்ப்புக்காக மட்டும் சேர்ப்பது என்றும், படத்தின் பொருளைத் தனியே வரையறுப்பது என்றும் முடிவானது.

படங்களை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் கணிதக் குறியீட்டில் எழுதலாம் என்று ஒருவர் வலியுறுத்தினார். துல்லியத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் ஆலையை அறிந்தவர்கள் அந்த ஆவணத்தைப் படிக்கமாட்டார்கள். வடித்தலை நடுவில் நிறுத்தலாமா கூடாதா என்று சொல்லத் தகுதியுள்ளவர்கள் அவர்கள்தான். அவர்களை வெளியே தள்ளும் துல்லியம் தவறான ஒன்றைத் துல்லியமாகச் சொல்வதில் போய் முடியும்.

யுஎம்எல் 2.5.1 தரநிலையை அப்படியே ஏற்பது மூன்றாவது வழி. உள்ளா வெளியா என்பதற்கு அதில் விடை உண்டு. ஆனால் காத்திருக்கும் நிகழ்வுகளை எந்த வரிசையில் எடுப்பது என்பதை அது திறந்தே விட்டிருக்கிறது. நிலைப்படங்களுக்கென்றே 2019இல் தனியாக வந்த துல்லியமான பொருள்வரையறை இதைவிட நெருக்கமாக இருந்தது, ஆனால் குழுக்களிடம் இருந்த வரைகருவி அதற்கு இசையவில்லை.

கடைசியில் அடிப்படையாக எடுத்துக்கொண்டது, நிலைப்படங்களை எழுத்துவடிவில் எழுதும் மொழியான எஸ்சிஎக்ஸ்எம்எல். இது 2015 செப்டம்பரில், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. அதன் பின்னிணைப்பில் நிலைப்படத்தை இயக்கும் முறை படிப்படியான நிரல்போல எழுதப்பட்டிருக்கிறது. எந்த வேளையில் எது நடக்கும் என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. அதை முழுதாக எடுக்காமல், தேவையான பகுதியை மட்டும் எடுத்துச் சுருக்கினோம்.

எழுதிய விதிகள்

ஒரு வரைமுறைக்குப் பொருள் தர மூன்று வேண்டும். எந்தப் படம் முறையான படம் என்று சொல்லும் இலக்கணம். பொருள்கள் வாழும் களம். ஒவ்வொரு முறையான படத்தையும் அந்தக் களத்தில் ஒன்றோடு பிணைக்கும் விதி. பெரும்பாலான குழுக்களிடம் முதலாவது மட்டுமே இருக்கிறது, இங்கும் அப்படித்தான். ‘வட்டமூலைப் பெட்டி என்றால் நிலை, அம்பு என்றால் மாற்றம்’ என்று ஒரு விளக்கப்பட்டியல் இருந்தது. அது குறியீடுகளின் பெயரைத்தான் சொன்னது.

களமாக நாங்கள் எடுத்தது தடங்களை: வந்த நிகழ்வுகளும் வெளியே போன கட்டளைகளும் மாறி மாறி வரும் தொடர். ஒரு படத்தின் பொருள், அது அனுமதிக்கும் தடங்கள் அனைத்தின் தொகுப்பு. இரண்டு நிரல்கள் ஒரே படத்தை நிறைவேற்றுகின்றனவா என்ற கேள்வி, இரண்டும் ஒரே தடங்களைத் தருகின்றனவா என்ற சோதிக்கக்கூடிய கேள்வியாக இதன்மூலம் மாறியது.

பிணைக்கும் விதி இப்படி அமைந்தது. நிகழ்வுகள் வந்த வரிசையிலேயே ஒரே வரிசையில் நிற்கும்; டைமர் முடிந்தாலும் அதுவும் அதே வரிசையில் வந்து சேரும். ஒரு நிகழ்வை எடுத்தால் அதற்குரிய வேலை முழுதும் முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுவது. நிபந்தனைகள் எல்லாம் அந்தப் படியின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் சோதிக்கப்படும். மோதல் வந்தால் உள்ளம்பு வெல்லும். வெளியேறும் செயல்கள் உள்ளிருந்து வெளியே நடக்கும், பிறகு அம்பின் செயல், பிறகு நுழையும் செயல்கள் வெளியிலிருந்து உள்ளே. யாரும் ஏற்காத நிகழ்வு கைவிடப்படும், ஆனால் கைவிடப்பட்டது பதிவாகும்.

இலக்கணத்தையும் குறுக்கினோம். கடைசியாக இருந்த உள்நிலையை நினைவில் வைத்துத் திரும்பும் குறி தடைசெய்யப்பட்டது. ஒரு வெளிநிலையின் உள்ளிருந்து இன்னொரு வெளிநிலையின் உட்பகுதிக்கு நேரே பாயும் அம்புகளுக்கும் அதே கதி. இணையாக ஓடும் இரண்டு பகுதிகள் ஒரே மாறிக்கு எழுதக்கூடாது. இவற்றுக்கெல்லாம் பொருள் தரவே முடியாது என்பதில்லை. அந்தப் பொருளைச் செயல்முறைப் பொறியாளருக்கு ஒரு பத்தியில் விளக்க முடியவில்லை. அதுவே போதிய காரணமாக எங்களுக்குப் பட்டது. மொத்த ஆவணமும் இரண்டு பக்கத்துக்குள் அடங்கியது.

உள்ளா, வெளியா

இந்த ஒரு விதிக்குத்தான் மிக நீண்ட விவாதம் நடந்தது. நடந்ததும் நல்லதே.

வெளியம்பு வெல்லும் என்றால், பெரிய பெட்டிகளை மட்டும் பார்த்துப் புரிந்துகொண்டது எப்போதும் மெய்யாகவே இருக்கும். உள்ளே யார் எதைச் சேர்த்தாலும் ‘இயக்கத்தில் நிறுத்து வந்தால் நிற்கும்’ என்ற உறுதி கலையாது. பாதுகாப்பை நினைப்பவருக்கு இது பெரிய ஆறுதல். உள்ளம்பு வெல்லும் என்றால், பொதுவிதியை வெளியே வைத்து, விதிவிலக்கை அது தேவைப்படும் இடத்திலேயே எழுதலாம். வடித்தலை நடுவில் நிறுத்தினால் குழாயில் கலவை உறையும் என்பது வடித்தலுக்கு மட்டுமே உரிய சங்கதி. அதை வடித்தலுக்குள் எழுதுவதே இயல்பு.

இரு குழுக்களும் தத்தம் மரபைக் காட்டி வாதிட்டுக்கொண்டிருந்தபோது, செயல்முறைப் பொறியாளர் ஒரு கேள்வி கேட்டார்: ‘அவசர நிறுத்தமும் இதே விதியில்தான் வருமா?’ அதுவரை குறியீட்டுத் தகராறாக இருந்தது அந்தக் கணத்தில் ஆலைத் தகராறாக மாறியது. உள்ளம்பு வெல்லும் என்ற விதியின்கீழ், நாளை யாரோ ஒருவர் ஏதோ ஓர் உள்நிலையில் ‘அவசர நிறுத்தம்’ என்று ஓர் அம்பு வரைந்தால், வெளியே இருக்கும் உறுதி சத்தமில்லாமல் பறிபோகும்.

எடுத்த முடிவு: சாதாரண நிகழ்வுகளுக்கு உள்ளம்பே வெல்லும். ஆனால் ‘அவசர’ என்று குறிக்கப்பட்ட நிகழ்வுகளை எந்த உள்நிலையும் குறிப்பிடவே கூடாது; குறிப்பிட்டால் அது முறையான படமே அல்ல. இதை வரைகருவியிலிருந்து வரும் கோப்பைப் படித்துத் தானாகச் சோதிக்கும் ஒரு சிறிய நிரலையும் எழுதினோம். பாதுகாப்பு உறுதியை முன்னுரிமை விதியிலிருந்து எடுத்து இலக்கணத்தில் வைத்தது இந்த முழு வேலையிலும் சிறந்த முடிவு என்பது என் மதிப்பீடு.

இயக்கியும் சோதித்தும் பார்த்தவை

விதிகளைப் பின்பற்றும் ஒரு சிறிய இயக்கியை எழுதி, பொறியாளர் முன் படத்தை ஓட்டிக்காட்டினோம். அவர் நிகழ்வுகளைச் சொல்லச் சொல்ல, எந்த நிலை ஒளிர்கிறது, எந்தக் கட்டளை போகிறது என்று திரையில் தெரிந்தது. கையொப்பமிட்ட நாளில் கவனிக்காத இரண்டு இடங்களை அவரே நிறுத்திக் கேட்டுத் திருத்தினார்.

அடுத்து, படத்தை ஸ்பின் என்ற மாடல் செக்கருக்குரிய மொழியில் எழுதினோம். பெல் ஆய்வகத்தில் உருவாகி 1991 முதல் எவரும் பயன்படுத்தக் கிடைக்கும் கருவி அது. நிகழ்வுகள் வரக்கூடிய எல்லா வரிசைகளையும் தேடிப்பார்க்கும். தேடல் முடிவுற வேண்டுமென்பதால் நிகழ்வு வரிசையின் நீளத்துக்கு ஒரு வரம்பு வைத்தோம். சோதித்த பண்பு எளியது: மூடி திறந்திருக்கையில் கலக்கி சுழலக்கூடாது.

பண்பு பொய்த்தது. கருவி ஒரு தடத்தைக் காட்டியது: ‘கலக்கலைத் தொடங்கு’ என்ற நிகழ்வு வரிசையில் முன்னே நிற்கிறது, அந்த நேரத்தில் மூடி திறக்கிறது, ‘மூடி திறந்தது’ என்ற நிகழ்வு அதற்குப் பின்னே போய் நிற்கிறது, கட்டுப்படுத்தி முதலில் இருப்பதை எடுத்துக் கலக்கியைச் சுழற்றுகிறது. அடுத்த படியிலேயே நிறுத்திவிடுகிறது, ஆனாலும் இடையில் ஒரு கணம் இருக்கிறது. மூடி திறந்தால் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிக் கம்பியிணைப்பு தொட்டியில் ஏற்கெனவே இருந்ததால் ஆபத்து இல்லை. என்றாலும் மென்பொருள் அதை நம்பிச் சும்மா இருக்கலாகாது என்று முடிவெடுத்தோம். மூடியின் நிலையை நிகழ்வாக மட்டும் பார்க்காமல், கலக்கல் தொடங்கும் அம்பின் நிபந்தனையில் சென்சாரின் அப்போதைய மதிப்பைப் படிக்கும்படி படம் மாறியது.

அப்போதும் அந்தப் பண்பு முழுதாக நிற்கவில்லை. படியின் தொடக்கத்தில் நிபந்தனையைச் சோதித்த பிறகு மூடி திறக்கலாம். அதனால் பண்பையே மாற்றி எழுத வேண்டியிருந்தது: மூடி திறந்திருப்பது படியின் தொடக்கத்தில் தெரிந்தால் அந்தப் படியில் சுழலும் கட்டளை போகாது. உலகில் நடப்பதற்கும் மென்பொருள் அறிவதற்கும் இடையில் உள்ள இந்த இடைவெளி, படத்தை வெறும் கண்ணால் பார்த்திருந்தால் யாருக்கும் தென்பட்டிருக்காது. அந்த இடைவெளியை மூடுவது கம்பியிணைப்பின் பொறுப்பு என்று பாதுகாப்பு ஆவணத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டது.

மற்ற படங்கள்

பகுதிகளுக்கு இடையே செய்திகள் எந்த வரிசையில் போகின்றன என்று காட்டும் சீக்வென்ஸ் படங்களிலும் இதே போன்ற குழப்பம் இருந்தது, ஆனால் தீர்வு சுலபமாகக் கிடைத்தது. நிரலாளர்கள் அவற்றை ‘இப்படியும் நடக்கலாம்’ என்று படித்தார்கள். சோதனையாளர்கள் ‘இப்படித்தான் நடக்க வேண்டும்’ என்று படித்து, வேறு வரிசையில் செய்தி வந்தால் தோல்வி என்று குறித்தார்கள். யுஎம்எல்லில் சீக்வென்ஸ் படம் ஏற்கத்தக்க தடங்களைச் சொல்கிறது. அதில் இல்லாத தடம் தவறு என்று தானாக ஆகிவிடாது. நடக்கக்கூடியதையும் நடந்தே தீர வேண்டியதையும் பிரித்து வரையும் முறையை வெர்னர் டாம், டேவிட் ஹாரெல் இருவரும் 1990களின் இறுதியில் முன்வைத்தார்கள். அதிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்தோம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ‘எடுத்துக்காட்டு’ அல்லது ‘எப்போதும்’ என்று எழுத வேண்டும். ‘எப்போதும்’ என்றால், எது நடந்த பின் இது கட்டாயமாகிறது என்ற முன்பகுதியையும் மேலே வரைய வேண்டும்.

பெட்டிகளும் அம்புகளும் கொண்ட அமைப்புப் படங்களைத் தொடவில்லை. அவற்றை வைத்து யாரும் தனித்தனியே நிரல் எழுதவில்லை, பேசுவதற்கு மட்டுமே பயன்படுத்தினார்கள். ‘விளக்கப் படம், இதைக் கொண்டு நிரல் எழுத வேண்டாம்’ என்ற குறிப்பு மட்டும் சேர்க்கப்பட்டது.

பின்விளைவு

கண்காணிப்புக் குழுவின் நிரல் ஏற்கெனவே உள்ளம்பு விதியில் இருந்ததால் அங்கே மாற்றம் குறைவு. கட்டுப்படுத்திக் குழு நிகழ்வுகளை எடுத்துக் கையாளும் பகுதியை முழுதாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த வேலை இலகுவாக இல்லை, அட்டவணையும் தள்ளிப்போனது. பிறகு இயக்கியிலிருந்து கிடைத்த தடங்களை இரண்டு நிரல்களிலும் ஓட்டி ஒப்பிட்டார்கள். வடித்தல் சிக்கல் மறைந்தது. கைவிடப்பட்ட நிகழ்வுகளின் பதிவு எதிர்பாராத வகையில் பயன்பட்டது: ஒரு சென்சார் தேவையில்லாமல் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது.

இழப்பும் உண்டு. நினைவுக் குறியைத் தடைசெய்ததால் இரண்டு படங்கள் முன்பைவிடப் பெரிதாகிப் பார்வைக்குச் சுமையாயின. ஓர் அனுபவமிக்க பொறியாளர் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் குறிக்கு எஸ்சிஎக்ஸ்எம்எல்லில் தெளிவான பொருள் இருக்கவே செய்கிறது.

மாற்ற வேண்டியவை

இதே வேலையை மறுபடி தொடங்கினால், விதிகளை எழுதுவதற்கு முன்பே இரு குழுக்களிடமும் ஒரே படத்தையும் சில நிகழ்வுத் தொடர்களையும் கொடுத்து, வரும் கட்டளைகளைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்வது நல்லது. விடைகள் பிரியும் இடங்களே வரையறை தேவைப்படும் இடங்கள். ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலை அது. தண்ணீர்ச் சோதனைவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இயக்கியை மாடல் செக்கருக்கு முன்பு மட்டுமல்ல, கையொப்பத்துக்கும் முன்பே காட்ட வேண்டும். ஓடாத படத்தில் பெறும் ஒப்புதல் கோடுகளுக்கான ஒப்புதல், நடத்தைக்கு அல்ல.

ஸ்பின்னுக்கான வடிவத்தைக் கையால் எழுதியதும் பலவீனமான கண்ணிதான். படம் மாறும்போது அதுவும் மாறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வரைகருவியின் கோப்பிலிருந்து அதைத் தானாக உருவாக்கும் நிரலை இப்போது ஒருவர் எழுதிவருகிறார்.

நேரம் பற்றிய விதி இன்னும் போதாது. டைமர் முடிந்த நிகழ்வும் வரிசையில் நிற்கும் என்றால், வரிசை நீளும்போது பத்து விநாடி என்பது பத்துக்கும் மேல் ஆகிறது. கட்டுப்படுத்தியிலும் கண்காணிப்பு மென்பொருளிலும் அந்தத் தாமதம் ஒரே அளவில் இருக்காது. நிகழ்வு பிறந்த நேரத்தைச் செய்தியோடு அனுப்பி, டைமர்களை அந்த நேரத்தைக் கொண்டே கணக்கிடுவது என்ற முன்மொழிவு அடுத்த பதிப்புக்கான ஆவணத்தில் இருக்கிறது. அதுவரை, டைமர் அம்புள்ள ஒவ்வொரு நிலையிலும் கட்டுப்படுத்தி தன் நிலையை மேலே அனுப்பி உறுதிசெய்கிறது.